நோயாளியும் ஊரும் டாக்டருக்குப் பாடம் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். மாணவர்களை ஊர்களுக்கு அழைத்துப் போவதும், வார்டில் நோயாளிகளிடம் அறிமுகம் செய்துவைப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. போகிற இடமெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஊர்க்காரர்கள், வார்டில் படுத்திருப்பவர்கள், மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், பேராசிரியர்கள் என்று எல்லாரும் கேட்டதை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஒரு பதில் இன்னொன்றைச் சுட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க எதுக்குங்க எங்க வீட்டுக்கு வர்றாங்க? ஏதாச்சும் கணக்கெடுப்பா?

கணக்கெடுப்பு இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி எம்.பி.பி.எஸ். சேரும் ஒவ்வொரு மாணவரும் முதலாண்டிலேயே குறைந்தது 3 குடும்பங்களை, முடிந்தால் 5 குடும்பங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். இதற்காகப் பாடத்திட்டத்தில் முதல் கட்டத்தில் 27 மணி நேரமும், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 21 என மொத்தம் 78 மணி நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முதல் தடவை வரும்போது வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பார்கள். எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். அடுத்தடுத்து வரும்போது ரத்தசோகை, சர்க்கரை, கர்ப்பிணிகளின் கவனிப்பு என்று விரியும். கூடவே ஆசிரியரோ கிராம சுகாதார செவிலியரோ இருக்க வேண்டும். மாணவர் மட்டும் தனியாக வந்து நின்றால் "உங்க சார் எங்கப்பா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

2. இது புதுசா வந்ததா? அந்தக் காலத்து டாக்டருங்க இப்படிப் படிச்ச மாதிரி தெரியலையே.

திட்டம்தான் புதிது. 1946லேயே சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் அரசு அமைத்த சுகாதாரக் குழு, மருத்துவ மாணவர்களுக்கு நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்று சொன்னது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில், அதை நிறுவிய ஐடா ஸ்கடர் சாலையோரமாகவே நோயாளிகளைப் பார்த்த காலத்திலிருந்து ஊரோடு தொடர்பு உண்டு. இன்றும் அங்கே முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் தங்கிப் படிக்கிறார்கள். மகாராஷ்டிராவில் 1969ல் தொடங்கிய சேவாகிராம் மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு ஆண்டு மாணவர் குழுவும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, 15 நாள் அங்கேயே தங்குகிறது.

ஆனால் இவையெல்லாம் சில கல்லூரிகளின் தனிச் சிறப்பாகவே இருந்துவிட்டன. மற்ற இடங்களில் ஊருக்குப் போவது என்றால் வேனில் போய், படிவம் நிரப்பி, மதியச் சாப்பாட்டுக்குள் திரும்புவதுதான். எல்லாக் கல்லூரிக்கும் கட்டாயம் என்று ஆனது இப்போதுதான். கட்டாயம் என்பதாலேயே படிவம் நிரப்பும் பழக்கம் இதிலும் தொற்றிக்கொள்ளலாம் என்ற கவலை எனக்கு நிறையவே இருக்கிறது.

3. நாங்க படிக்காத சனங்க. டாக்டருக்கு நாங்க என்னத்தச் சொல்லித்தர முடியும்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு எப்போதும் நிறையச் சொல்ல இருக்கும். மருந்து ஒரு வீட்டுக்குள் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுதாக இல்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டும் என்று மாணவர் படித்திருப்பார். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஏழு மணிக்கு டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தூக்குச்சட்டியில் இருக்கும் சோறு பதினோரு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். வெயில் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார். அது சர்க்கரை தாழ்ந்துபோனதன் அறிகுறி. ஆஸ்பத்திரியில் "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்று கேட்டால் "போடறேன்" என்பார். அது உண்மையும்கூட. அவருடைய காலைப் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்ட மாணவருக்கு மட்டும்தான் விஷயம் புரியும்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை கொடுத்திருப்பார்கள். வெளியூர் பஸ்ஸில் போகிற நாளில் பெண்கள் அதைப் போடுவதில்லை, ஏனென்றால் வழியில் போவதற்குக் கழிப்பிடம் கிடையாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானையில் ஈரமணலுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். அது நன்றாகவே குளிர்ச்சி காக்கும் ஒரு வழி, பல டாக்டர்களுக்கு அதை முதலில் காட்டியது நோயாளிகள்தான். காசநோய்க்கு மாத்திரை வாங்குகிறவர் பக்கத்து ஊர் மையத்துக்குப் போவார், சொந்த ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் இரண்டு நாள் மாத்திரையை நான்கு நாளைக்கு நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயங்கள், மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் டாக்டருக்குத் தெரியாது.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். மாணவர் முகம் கோணக் கூடாது என்று அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லாதீர்கள். மாத்திரையை விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லுங்கள், எதனால் விட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

4. அந்தப் பிள்ளைங்க சொல்ற மருந்தை வாங்கிச் சாப்பிடலாமா?

கூடாது. மருந்து எழுதவோ, ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தை நிறுத்தச் சொல்லவோ மாணவருக்கு அனுமதி இல்லை. எதையாவது கண்டுபிடித்தால் ஆசிரியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கல்லூரி மருத்துவமனைக்கோ உங்களை அனுப்பிவைப்பதுதான் அவர் வேலை.

5. வார்டுல பத்துப் பேரு சுத்தி நிக்கிறாங்க. வேண்டாம்னு சொன்னா அப்புறம் எங்களைக் கவனிக்காம விட்டுடுவாங்களோ?

வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு மாணவர் மட்டும் பார்க்கட்டும், பத்துப் பேர் வேண்டாம் என்று சொல்லலாம். இன்று முடியவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றும் சொல்லலாம். சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருக்கவும் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசனத்தில் விவரம் தெரிந்து சம்மதிப்பது, அந்தரங்கம், கண்ணியம் எல்லாம் உரிமைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் அதிலுள்ள 17 உரிமைகளில், கற்பித்தலுக்கு நோயாளியைப் பயன்படுத்துவது பற்றித் தனியாக ஒன்று இல்லை. நியூசிலாந்தின் 1996ஆம் ஆண்டு உரிமை விதிகளில் அது இருக்கிறது. மாணவர்கள் கற்பதற்காக ஒருவரைப் பயன்படுத்தும்போதும் அவருடைய எல்லா உரிமைகளும் அப்படியே பொருந்தும் என்று ஒன்பதாவது உரிமை சொல்கிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு வரி வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, எழுத்தில் இருக்கட்டும், நடப்பில்? இலவச சிகிச்சை பெறுகிறவர் பயப்படுவது இயல்பு. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது மாணவரும் ஆசிரியரும்தான், நோயாளி தானாகத் தைரியம் வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. நான் மாணவர்களிடம் சொல்லிக்கொடுக்கும் வாசகம்: "அம்மா, என் பேரு இது. நான் இன்னும் டாக்டர் ஆகலை, படிச்சுட்டு இருக்கேன். உங்ககிட்டப் பேசிக் கத்துக்கணும். வேண்டாம்னா பரவாயில்லை, உங்க வைத்தியம் எப்பவும்போல நடக்கும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டுக் கேட்டால் அதைச் சம்மதம் என்று நான் ஏற்பதில்லை.

6. பொம்பளைங்களை ஆம்பளைப் பசங்க தொட்டுப் பார்க்கிறதுக்கு ஒத்துக்கணுமா? மயக்கத்துல இருக்கறப்ப என்ன செய்வாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆண் ஒருவர் பரிசோதித்தால் கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று 5ஆம் பதிலில் சொன்ன சாசனமே கூறுகிறது. திரை போட்டிருக்க வேண்டும், பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர மற்றதை மூடியிருக்க வேண்டும்.

மயக்கத்தில் இருப்பது பற்றிக் கேட்டது மிகச் சரியான கேள்வி. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரின் ஒரு பெண்கள் மருத்துவமனை மீது 1987, 88ல் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரணை நடத்தினார். மயக்கமருந்து கொடுக்கப்பட்ட பெண்களை, அவர்களுக்குத் தெரியாமலே மாணவர்கள் உள்பரிசோதனை செய்து பழகியது அப்போது வெளியே வந்தது. மேலே சொன்ன 1996 விதிகள் அந்த விசாரணையின் பலன். அமெரிக்க அரசு 2024 ஏப்ரலில்தான் இத்தகைய பரிசோதனைகளுக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குத் தெளிவாகச் சொன்னது. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும்போது நீங்கள் கேட்கலாம்: "நான் மயக்கத்துல இருக்கறப்ப மாணவங்க யாராச்சும் என்னைப் பரிசோதிப்பாங்களா? அதுக்கு நான் சம்மதிக்கலை" அல்லது "சம்மதிக்கிறேன், ஒருத்தர் மட்டும்." இந்தப் பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

7. வீட்டு விஷயத்தையெல்லாம் நோட்டுல எழுதிட்டுப் போறாங்க. நாளைக்கு ஊரே பேசுமே?

மாணவரின் பதிவேட்டில் உங்கள் பெயருக்குப் பதில் குடும்ப எண் இருக்க வேண்டும். ஆசிரியர் பார்ப்பார், மதிப்பெண் போடுவார். அதைத் தாண்டி அது யார் கைக்கும் போகக் கூடாது. நம்பிச் சொன்ன ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மனநல சிகிச்சை விவரங்களுக்கும் அதே ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

ஆனால் ரகசியம் பெரும்பாலும் நோட்டு வழியாக வெளியே போவதில்லை. நான்கு மாணவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார். மாமியார் எதிரில் மருமகளிடம் மாதவிடாய் பற்றிக் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அப்புறம் செல்ஃபி. "எங்கள் தத்துக் குடும்பத்துடன்" என்று படம் போடுகிற மாணவர்களிடம் நான் கடுமையாகவே பேசுகிறேன். படம் எடுக்காதே என்று சொல்ல வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. தனியாகப் பேச வேண்டியது ஏதாவது இருந்தால், "இன்னொரு நாள் பேசலாம்பா" என்று நிறுத்திவிட்டு, கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. எங்களுக்கு இதுல என்ன லாபம்? பரீட்சைக்குக் கூப்பிட்டு நாள் பூரா உக்கார வெச்சாங்க.

பரீட்சை விஷயத்தை முதலில் சொல்கிறேன். இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் 'லாங் கேஸ்', 'ஷார்ட் கேஸ்' என்று நிஜ நோயாளிகளை வைத்துத்தான் மாணவர்களைச் சோதிக்கிறார்கள். இதய வால்வில் கோளாறு உள்ளவர், ஈரல் வீங்கியவர், பக்கவாதம் வந்தவர் என்று தேடிக் கூப்பிடுவார்கள். ஒருவருடைய நெஞ்சில் ஒரே நாளில் எத்தனையோ மாணவர்கள் ஸ்டெதஸ்கோப் வைப்பார்கள். அவர் இல்லாமல் அந்தத் தேர்வே இல்லை. அவருக்குப் போகவர பஸ் காசு, அன்றைய கூலி, நேரத்துக்குச் சாப்பாடு, நடுவில் ஓய்வு, இத்தனை பேருக்கு மேல் கிடையாது என்ற வரம்பு, இவ்வளவும் கொடுத்தாக வேண்டும். தேர்வாளருக்கு மதிப்பூதியமும் பயணப்படியும் கொடுக்கும் அமைப்பு, நோயாளியின் பஸ் காசைப் பற்றி யோசிக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்கு வருகிற மாணவரால் பணம் எதுவும் கிடைக்காது. இலவசப் பரிசோதனை, தேவைப்பட்டால் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஒரு வழிகாட்டி, சந்தேகம் கேட்க ஒரு ஆள், இவை கிடைக்கும். குறைந்தபட்சம் எடுத்த பரிசோதனையின் முடிவையாவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஊர்களில் நான் அதிகம் கேட்கும் புகார் "ரத்தம் எடுத்தாங்க, ஒண்ணும் சொல்லலை" என்பதுதான். முடிவு வரவில்லை என்றால் அடுத்த தடவை வரும்போது வேறு எதற்கும் பதில் சொல்லாமல் அதை முதலில் கேளுங்கள்.

9. நான் ஃபர்ஸ்ட் இயர். எனக்கே ஒண்ணும் தெரியாது. அவங்க வீட்ல போய் என்ன பேசறது?

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது இந்த வேலைக்கு நல்லதுதான், தைரியமாகப் போங்கள். பாதி படித்த மாணவர் உள்ளே நுழைந்ததும் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார். முதல் தடவை செவிலியரோடு போங்கள், அவரைத்தான் அந்த வீட்டுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றுங்கள், பாய் போட்டால் பாயில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் மறுக்காதீர்கள். பதிவேட்டைப் பையிலேயே வைத்திருங்கள். யார் என்ன வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பேச்சைத் தொடங்குங்கள். கல்லூரி வேன் வரும் காலைப் பத்து மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். மாதத்தில் ஒரு முறையாவது சாயங்காலம் போகும்படி ஆசிரியரைக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு சின்னப் பயிற்சி. "உப்பு கம்மியா சாப்பிடுங்க" என்று சொல்வதற்கு முன்னால், மாதத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. கருவாடு, ஊறுகாய், அப்பளம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை அந்த அம்மாவோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். எங்கே குறைக்கலாம் என்பதை அவரே சொல்வார், அவர் சொல்கிற வழிதான் அந்த வீட்டில் நடக்கும்.

10. எம் பையன் நீட் பி.ஜி.க்குப் படிக்கணும். வீடு வீடா அலையறதுல அவனுக்கு என்ன மார்க் வரப்போகுது?

உங்கள் கவலை புரிகிறது. போட்டி அவ்வளவு கடுமையாக இருக்கிறது. ஆனால் முதல் பதிலில் சொன்ன 78 மணி நேரம் மூன்று கட்டங்களில் பரவியிருக்கிறது, அதனால் ஒரு இடம் கைநழுவப் போவதில்லை.

அதைவிட முக்கியமானது வேறு. உங்கள் பையன் மேற்படிப்புக்கு முன்போ பின்போ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால், காலை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிய, அந்த மனிதரின் வீடு எப்படி இருக்கும் என்பது மனதில் இருக்க வேண்டும். 3ஆம் பதிலில் வரும் அம்மாவுக்கு மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுகிற டாக்டராக அவன் ஆகிவிடக் கூடாது. அப்படிக் கூட்டினால் அந்த அம்மாவின் உயிருக்கே ஆபத்து.

11. இப்பல்லாம் நடிக்கிற ஆளுங்களை வெச்சே டிரெய்னிங் தர்றாங்களாமே. அப்புறம் நிஜ பேஷண்ட் எதுக்கு மேடம்?

இரண்டும் வேண்டும். 1963ல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயாளி மாதிரி நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த முறை. 1975ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவப் பேராசிரியர் அறிமுகப்படுத்திய, நிலையம் நிலையமாகப் போகும் தேர்வு முறையிலும் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பங்கு வகிக்கிறார்கள். மரணச் செய்தி சொல்வது, கோபமாக இருக்கும் உறவினரிடம் பேசுவது போன்றவற்றை முதன்முதலில் நடிப்பவரிடம் பழகுவதே சரி. அங்கே தடுமாறினால் யாருக்கும் காயமில்லை.

ஆனால் நடிப்பவர் கையில் யாரோ எழுதிக் கொடுத்த கதைதான் இருக்கும். எழுதியவருக்கு நீர் மாத்திரைக்கும் பஸ் பயணத்துக்கும் உள்ள தொடர்பு தெரியாவிட்டால் அது கதையில் வராது. ஆகவே கதையை எழுதும்போதே அந்த நோயோடு வாழ்கிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

12. பேஷண்டைக் கிளாஸுக்குக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம்னு பார்க்கிறேன். அழுதுட்டா என்ன பண்றது?

இதைக் கேட்டவர் ஒரு இளம் உதவிப் பேராசிரியர். கூப்பிடுங்கள். ஆனால் "உங்க கதையைச் சொல்லுங்க" என்று மேடையில் ஏற்றிவிடாதீர்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2011ல் தொடங்கிய திட்டத்தில், நீண்டகால நோயோ ஊனமோ உள்ள ஒருவரிடம் பல துறை மாணவர்கள் சிறு குழுவாக 16 மாதம் தொடர்ந்து கற்கிறார்கள். மருத்துவம், செவிலியர், மருந்தியல் என்று கலந்த குழு அது. வழிகாட்டி அந்த நோயாளிதான். ஒரு மணி நேரம் அழ வைத்து அனுப்புவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாவிட்டாலும் சிலவற்றைச் செய்யலாம். முன்கூட்டியே அவரைச் சந்தித்து எதைப் பேச விருப்பம், எதைப் பேச மாட்டார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு அவர் விரும்பும் ஒருவரையும் அழையுங்கள். வேதனையோடு, அவர் கண்டுபிடித்த வழிகளையும் பேசச் சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் தண்ணீர் குடிப்பதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார் என்பது எந்த விரிவுரையைவிடவும் மாணவர் மனதில் நிற்கும். கண்ணீர் வந்தால் வரட்டும், வகுப்பு காத்திருக்கலாம். முடிந்ததும் தனியாக உட்கார்ந்து பேசி, மறுநாள் ஒரு போன் போடுங்கள். விருந்தினர் விரிவுரையாளருக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே இவருக்கும் கொடுங்கள்.

படித்தவர்களே வழிகாட்ட வேண்டும் என்பதில்லை என்பதற்குக் கோழிக்கோடு நல்ல சாட்சி. 1993ல் அங்கே மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடர்ந்து, கேரளம் முழுக்க சாதாரண ஊர்க்காரர்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களோடு ஒரு நாள் போய் வந்த மாணவருக்கு, படுக்கையில் கிடப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று தனி வகுப்பு தேவைப்படாது.

13. அப்படின்னா நோயாளியே மாணவருக்கு மார்க் போடலாமே?

போடலாம், போட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எதற்குப் போடுவது என்பதில் தெளிவு வேண்டும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தாரா என்பதை நோயாளியால் சொல்ல முடியாது. பெயர் சொன்னாரா, அனுமதி கேட்டாரா, குறுக்கே பேசாமல் கேட்டாரா, கை கழுவினாரா, சொன்னது புரிந்ததா, இவற்றை நோயாளியைத் தவிர வேறு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2004 முதல் 2020 வரை மருத்துவர் உரிமத் தேர்வின் ஒரு பகுதியில், நோயாளியாக நடித்தவர்களே பேச்சுத்திறனை மதிப்பிட்டார்கள்.

நம் ஊரில் வரும் சிக்கல் வேறு. "பாவம் புள்ள, பாஸ் ஆகட்டும்" என்று எல்லாருக்கும் முழு மார்க் போட்டுவிடுவார்கள். பாசமும் உண்டு, 5ஆம் பதிலில் சொன்ன பயமும் உண்டு. எனவே மாணவரும் ஆசிரியரும் போன பிறகு, வெள்ளைக் கோட்டு போடாத ஒருவர் கேட்க வேண்டும். நல்லவரா கெட்டவரா என்று கேட்காமல், "அந்தத் தம்பி உங்களுக்கு என்ன நோய்னு சொன்னாரு? என்ன செய்யச் சொன்னாரு?" என்று கேளுங்கள். நோயாளி திருப்பிச் சொல்வதிலேயே மாணவர் எப்படி விளக்கினார் என்பது தெரிந்துவிடும்.

14. வேன் எப்பவும் பெரிய தெருவுலயே நிக்குது. எங்க காலனிப் பக்கம் ஏன் யாரும் வர்றதில்லை?

இந்தக் கேள்விக்குச் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, கேட்டவர் சொல்வது உண்மை. பல இடங்களில் குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பது ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர் காட்டுவது தன் தெருவை, பேசத் தெரிந்தவர்களை, மாணவரை உட்கார வைக்க நாற்காலி உள்ள வீடுகளை. காலனி, ஊருக்கு வெளியே இருக்கும் இருளர் குடிசைகள், செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், தனியாக வாழும் முதியவர்கள், இவர்களெல்லாம் பட்டியலில் விடுபடுகிறார்கள். நோய் அதிகம் இருப்பதும், நம் மருத்துவமனைகள் தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான். மாணவர் எந்த வீட்டைப் பார்க்கிறாரோ அதையே ஊர் என்று நினைத்து டாக்டராகிறார்.

குடும்பங்களைக் கல்லூரிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் எல்லாத் தெருவும் இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்கும் குடும்பங்களில் ஒன்றாவது காலனியிலோ ஊருக்கு வெளியிலோ இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் போதும், பெரிய செலவு எதுவும் இல்லை. மாணவர் அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாரா என்பதையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். குடிக்கத் தயங்கும் மாணவரிடம் அன்றைக்கே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

15. புத்தகத்துல என்ன இருக்கணும்னு சனங்க சொல்லி மாத்த முடியுமா? அதெல்லாம் டெல்லியில முடிவாகறதாச்சே.

மாற்றியிருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டிலிருந்து. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் தெளிவு வேண்டும் என்று ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டார், தன்பாலீர்ப்பாளர், திருநர் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடமும் கேட்டார். தன்பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடுக்கச் சொல்லி 2021 ஜூன் 7ல் உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, அவமதிக்கும் பகுதிகள் உள்ள பாடநூல்களைத் தவிர்க்கும்படி அதே ஆண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்கு எழுதியது. 2022 ஆகஸ்டில், அத்தகைய 'சிகிச்சை' செய்வது தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்தது.

மாறியது அப்படியே நிற்கும் என்ற உறுதியும் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த புதிய வழிகாட்டுதலில், பெண்களின் தன்பாலுறவு மீண்டும் இயற்கைக்கு மாறான குற்றங்களின் பட்டியலில் வந்து நின்றது. 2019 முதல் பாடத்திட்டத்தில் இருந்த மாற்றுத்திறனாளிகள் குறித்த பயிற்சி விடுபட்டிருந்தது. திருநர், மாற்றுத்திறனாளி அமைப்புகள் உடனே எதிர்த்தன, செப்டம்பர் 5ஆம் தேதி அந்த வழிகாட்டுதலை ஆணையம் திரும்பப் பெற்றது. பாதிக்கப்படுகிறவர்கள் பாடத்திட்டக் குழுவிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தச் சண்டை தேவைப்பட்டிருக்காது. கனடாவின் வடக்கு ஒன்டாரியோ மருத்துவப் பள்ளி 2005ல் தொடங்கும்போதே பழங்குடி மக்களோடு கலந்து பேசித்தான் பாடத்திட்டம் போட்டது. முதலாண்டு மாணவர்கள் நான்கு வாரம் பழங்குடி ஊர்களில் தங்குவது அதிலிருந்து வந்தது. நம் கல்லூரிகளில் இதற்குத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை. ஒரு கல்லூரி தன் துறைக் கூட்டத்துக்கு, பார்க்கும் ஊர்களிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்க டெல்லியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.

16. மூணு வருசம் வந்துச்சு அந்தப் பொண்ணு. அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இப்ப வர்றதில்லை. நாங்க யார்கிட்டக் கேக்கறது?

திட்டம் மூன்றாம் கட்டத்தோடு முடிந்துவிடுகிறது. மாணவர் அடுத்த படிப்புக்குப் போய்விடுகிறார். குடும்பத்துக்கு மட்டும் எதுவும் முடிவதில்லை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்படியேதான் இருக்கின்றன. இப்படிப் பாதியில் விட்டுப் போவதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

உங்களுக்கு உடனே உதவக்கூடியவர்கள் கிராம சுகாதார செவிலியரும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரும். கல்லூரியின் ஊரகப் பயிற்சி மையத்தில் போய், உங்கள் குடும்ப எண்ணைச் சொல்லி, அடுத்து யார் வருவார் என்று கேளுங்கள்.

கல்லூரிகளுக்கு: கடைசி வருகை இது என்று மாணவர் முன்கூட்டியே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய வருகையிலேயே முதலாண்டு மாணவர் ஒருவரை நேரில் அழைத்து வந்து அறிமுகம் செய்ய வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்துகள் எல்லாம் தேதியோடு எழுதிய ஒரு நோட்டு, தமிழில், அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். இவை எதுவும் செய்யாமல் அடுத்த ஆண்டு வேறு மாணவரை அனுப்பினால், "முன்னாடி வந்த பொண்ணு எங்கே?" என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்பார். அதற்கான பதிலோடுதான் புது மாணவரை அனுப்ப வேண்டும்.